குட்டிக்கு வீடு பார்க்கும் படலம்

(‘தெருவில் கிடைத்த குட்டிநாய்க்கு ஏற்ற வீடு எது? பாசம் நிறைந்த வீடா, பொறுப்பு நிறைந்த வீடா?’ என்ற தலைப்பில் ராயகிரியில் நடந்த பட்டிமன்றத்தில், ‘பொறுப்பு நிறைந்த வீடே’ என்ற அணியில் பேசியது.)



இந்தத் தலைப்பைச் சொன்னதும் எங்க வீட்டு அம்மா கேட்டாங்க: “ஏங்க, மாமியாரா மருமகளா, கணவனா மனைவியான்னு எத்தனையோ தலைப்பு இருக்கு. இதென்ன நாய்க்குட்டிக்கு வீடு பார்க்கிற தலைப்பு?” நான் சொன்னேன்: “அந்தத் தலைப்பெல்லாம் பேசினா வீட்டுக்கு வந்த பிறகு பிரச்சினை வருது. இதுல ஒரு சௌகரியம். யார் என்ன பேசினாலும் நாய் கோவிச்சுக்காது!” (சிரிப்பு)

எதிரணியிலே பேசிய அம்மையார் உருக்கமாகப் பேசினார்கள். “பாசம் இருந்தாப் போதும், பொறுப்பு தானா வரும்” என்றார்கள். கேட்க நல்லாத்தான் இருக்கு. தானா வரும், தானா வரும்னு காத்துக்கிட்டிருந்த எத்தனை குட்டிகள் இன்னிக்கு நெடுஞ்சாலை ஓரத்துல நிக்குது? ஒவ்வொரு குட்டியையும் யாரோ ஒருத்தர் ஒரு நாள் “ஐயோ, எவ்வளவு அழகு!”ன்னு தூக்கிக் கொஞ்சினவங்கதானே? குட்டியில கழுதையும் அழகுன்னு நம்ம பெரியவங்க சும்மாவா சொன்னாங்க? பாசம் குட்டி மேல வருது. குட்டி ஆறு மாசத்துல நாய் ஆயிடுது. அந்த நாய் 12 வருஷம், 15 வருஷம் உயிரோட இருக்கும். அத்தனை வருஷத்துக்கும் சோறு போடுவது எது? அதுதான் இங்கே கேள்வி.

நான் தமிழ் வாத்தியார். அதனால தமிழ்ல இருந்தே ஆரம்பிக்கிறேன். நாய்க்குத் தமிழ்ல எத்தனை பேர்! ஞாளி, ஞமலி, சுணங்கன். பூழி நாட்டுக்காரர்கள் நாயை ‘ஞமலி’ன்னு சொல்வாங்கன்னு பழைய உரையாசிரியர்கள் எழுதி வச்சிருக்காங்க. ஒரு பிராணிக்கு இத்தனை பேர் வச்ச இனம், அதோடு எவ்வளவு நெருங்கி வாழ்ந்திருக்கணும்!

நாலடியார்ல ஒரு கருத்து வருது. யானை பல காலம் பழகின பாகனையே கொன்னுடும். நாய், எறிஞ்ச வேல் உடம்புல குத்தி நிக்கும்போதுகூட எறிஞ்சவனைப் பார்த்து வாலைக் குழைக்கும். அதனால நாயைப் போன்றவங்க நட்பைத் தேடிக்கோன்னு அந்தப் பாட்டு சொல்லுது. நடுவர் அவர்களே, இதுல இருந்து எனக்கு என்ன தெரியுது? இந்த உறவுக்குத் தேவையான பாசத்தையெல்லாம் நாய் மொத்தமாகக் கொண்டுவந்து கொட்டிடுது. வேலை எறிஞ்சவனுக்கே வாலாட்டுதுன்னா, அதுக்கு மேல என்ன பாசம் வேணும்? பாசத்துக்கு நாய் இருக்கு. பொறுப்புக்குத்தான் ஐயா நீங்க வேணும்! (கைதட்டல்)

இன்னொன்று. இந்தத் தலைப்பை ராயகிரியில் பேசுவது எவ்வளவு பொருத்தம் தெரியுமா? இங்கிருந்து வடக்கே சிவகிரி, சேத்தூர் தாண்டினா ராஜபாளையம். உலகத்துக்கே தெரிஞ்ச வெள்ளை வேட்டை நாயோட ஊர். 2005-ஆம் வருஷம் இந்திய அஞ்சல் துறை நம்ம நாட்டு நாய் இனங்களுக்குத் தபால்தலை போட்டபோது, இமாலய மேய்ப்பு நாய், ராம்பூர் நாய், முதோள் நாய், இவங்களோட சரிசமமா நம்ம ராஜபாளையமும் இருந்துச்சு. அந்தப் பக்கம் சிப்பிப்பாறை. அந்த ஊர்ப் பேரிலேயே ஒரு இனம். அப்புறம் கன்னி. இந்தக் கன்னி நாயைப் பத்தி ஒரு வழக்கம் சொல்வாங்க. காலம்காலமா வளர்த்தவங்க குட்டியை விலைக்கு விக்க மாட்டாங்களாம். தெரிஞ்ச வீட்டுக்குத்தான் கொடுப்பாங்க. அதுவும் “கடைசி வரைக்கும் நல்லா வச்சுக் காப்பாத்துவேன்”னு வாக்கு வாங்கிக்கிட்டுத்தான் கொடுப்பாங்க.

கவனிக்கணும் நடுவர் அவர்களே. “உனக்கு நாய்னா பிடிக்குமா?”ன்னு அவங்க கேக்கல. “காப்பாத்துவேன்னு வாக்குக் கொடு”ன்னு கேட்டாங்க. வீடு பார்த்துக் குட்டியைக் கொடுக்கிற சாஸ்திரத்தை நம்ம கரிசக்காட்டு மனுஷன் எந்தப் புத்தகமும் படிக்காமலே வச்சிருந்தான். அந்த வாக்குக்குப் பேர்தான் பொறுப்பு!

இப்ப ஒரு சம்பவம் சொல்றேன். எங்க சொந்தத்துல ஒரு பையன், கல்லூரியில படிக்கிறவன். இந்தச் சாலையில ஒரு நாள் காலையில ஒரு வெள்ளைக் குட்டியைப் பார்த்திருக்கான். ரெண்டு மாசம் இருக்கும். ராஜபாளையம் சாயல். பொட்டைக் குட்டி. பின்னாடி லாரிக்காரர் ஹாரன் அடிக்கிறார், அடிக்கிறார், குட்டி திரும்பிக்கூடப் பார்க்கல. இவன் ஓடிப்போய்த் தூக்கிட்டான். கால்நடை மருந்தகத்துக்குக் கொண்டுபோனா, டாக்டர் அது பின்னால நின்னு கையைத் தட்டிப் பார்த்தார், தட்டைக் கீழே போட்டுப் பார்த்தார். அசையல. “தம்பி, இதுக்கு ரெண்டு காதும் கேட்காது”ன்னார்.

ராஜபாளையம் மாதிரி முழு வெள்ளை இனங்கள்ல சில குட்டிகள் பிறவியிலேயே செவிடாப் பிறக்கிறது உண்டு. அந்த வெள்ளை நிறத்தோட சேர்ந்து வர்ற குறை அது. வளர்த்தவர் பார்த்திருக்கார். செவிடு, அதுலயும் பொட்டை. விலை போகாது. சாலையில விட்டுட்டார்.

தாய்மார்கள் ஒரு நிமிஷம் யோசிக்கணும். நாட்டுல தெருவுல விடப்படுற குட்டிகள்ல பொட்டைக் குட்டிகளை நிறையப் பார்க்கிறோமே, ஏன்? வருஷத்துக்கு ரெண்டு தடவை பருவத்துக்கு வரும், 63 நாள்ல அஞ்சாறு குட்டி போடும், யார் பார்க்கிறதுன்னு பயம். கருத்தடை ஆபரேஷன் ஒண்ணு செஞ்சுட்டா அந்தப் பயம் தீர்ந்தது. அதைச் செய்யாம ஆண் குட்டியை மட்டும் வச்சுக்கிட்டுப் பெண் குட்டியைக் குப்பைமேட்டுல போடுறோம். இது எங்கேயோ கேட்ட கதை மாதிரி இல்ல? (கைதட்டல்)

சரி, கதைக்கு வர்றேன். குட்டிக்கு வீடு தேடணும். பையன் விடுதியில இருக்கிறவன், வச்சுக்க முடியாது. நண்பர்கள்கிட்டச் சொன்னான். மூணு பேர் வந்தாங்க.

முதல்ல ஒரு அண்ணாச்சி. பெரிய பங்களா, தோட்டம், சுத்துச்சுவர். “குடு தம்பி, காவலுக்கு ஆகும்”னார். பையன் சொன்னான்: “அண்ணாச்சி, இதுக்குக் காது கேட்காது.” அண்ணாச்சி கேட்டார்: “அப்ப திருடன் வந்தா?” பையன் சொன்னான்: “திருடன் வந்தா நீங்கதான் அதை எழுப்பணும்!” (பலத்த சிரிப்பு) அண்ணாச்சி போயிட்டார். அவரைக் குறை சொல்ல மாட்டேன். அவருக்குத் தேவை காவல். அந்தத் தேவையை மறைக்காமச் சொன்னாரே, அதுவே நல்ல குணம்.

ரெண்டாவது, புதுசாக் கல்யாணம் ஆன ஒரு ஜோடி. அந்தப் பொண்ணு குட்டியைப் பார்த்ததும் கண்ணீரே விட்டுருச்சு. மடியில வச்சுக்கிச்சு. “இப்பவே குடுங்கண்ணா, நாங்க பிள்ளை மாதிரி வளர்ப்போம்”னுச்சு. எதிரணி நண்பர்கள் இங்கேயே தீர்ப்புச் சொல்லியிருப்பாங்க. பையன் நாலு கேள்வி கேட்டான். வீடு சொந்தமா? வாடகை. வீட்டுக்காரர்கிட்டச் சொல்லிட்டீங்களா? இல்ல, தெரியாம வச்சுக்குவோம். பகல்ல வீட்டுல யாரு? ரெண்டு பேரும் வேலைக்குப் போயிடுவோம். வாசல் எங்கே? நேரே மெயின் ரோடு.

காது கேட்காத குட்டி. பகல் முழுக்கத் தனியா. கதவைத் திறந்தா பஸ் போற ரோடு. அந்தப் பொண்ணோட பாசம் பொய்யா? சத்தியமாப் பொய் இல்ல. ஆனா அந்தப் பாசம் ஒரு லாரியை நிறுத்துமா? வீட்டுக்காரர் காலி பண்ணச் சொன்னா அந்தக் குட்டி எங்கே போகும்? பையன் “இப்ப வேண்டாம் அக்கா, சொந்த வீடு கட்டினதும் சொல்லுங்க”ன்னு அனுப்பிட்டான். இல்லைன்னு சொல்றதுக்கு எவ்வளவு மனசு வேணும் பாருங்க. குட்டியைக் காப்பாத்துறதுல பாதி வேலை தூக்குறது. மீதி வேலை, தப்பான வீட்டுக்கு “இல்லை” சொல்றது.

மூணாவதா வந்தாங்க ஒரு ஆச்சி. சங்கரன்கோவில் பக்கம், வீட்டோட விசைத்தறி. மகன், மருமகள், ரெண்டு பேரப்பிள்ளைகள். குட்டியைப் பார்த்தாங்க. தூக்கல, கொஞ்சல. “தம்பி, என்ன சாப்பிடும்? எத்தனை ஊசி போடணும்? எவ்வளவு ஆகும்? காது கேட்காதுன்னா எப்படிக் கூப்பிடணும்? கடிக்குமா?” ஒவ்வொண்ணாக் கேட்டாங்க. எல்லாம் கேட்டுட்டு, “யோசிச்சுச் சொல்லுதேன், தம்பி. எம் மகன்கிட்டயும் மருமக கிட்டயும் கலக்கணும்”னு சொல்லிட்டுப் போயிட்டாங்க.

எதிரணி சொல்லும், ‘பார்த்தீங்களா, பாசமே இல்ல’ன்னு. நான் சொல்றேன், அந்த ‘யோசிச்சுச் சொல்லுதேன்’ங்கிற ஒரு வார்த்தைக்கு ஆயிரம் ‘ஐயோ அழகு’ ஈடாகாது! (கைதட்டல்) பெண் கொடுக்கும்போது நாம என்ன செய்றோம்? மாப்பிள்ளை பொண்ணைப் பார்த்த உடனே அழுதார்னா கொடுத்துடுறோமா? வேலை என்ன, குடும்பம் எப்படி, குடிப்பாரான்னு நாலு பேர்கிட்ட விசாரிக்கிறோமில்ல? வாயில்லா ஜீவன், அதுக்கு விசாரிக்க யாரு இருக்கா? தூக்கினவன்தான் விசாரிக்கணும்.

நாலாம் நாள் ஆச்சி குடும்பத்தோட வந்தாங்க. “எல்லாரும் சம்மதிச்சாச்சு. ரெண்டு வாரம் வச்சுப் பார்க்கோம். சரிப்படலைன்னா ரோட்டுல விட மாட்டோம், உன்கிட்டயே கொண்டு வந்து தருவோம்”னாங்க. இதுதானே ஐயா அந்தக் கன்னி நாய்க்கு வாங்கின வாக்கு!

அந்த வீடு எப்படிப் பொருந்துச்சு தெரியுமா? விசைத்தறிச் சத்தம் உங்களுக்குத் தெரியும். பக்கத்துல நின்னு பேச முடியாது. வேற நாயா இருந்தா அந்தச் சத்தத்துக்கு ஊரை விட்டே ஓடிடும். இது தறிக்குப் பக்கத்து அறையில காலை நீட்டிக்கிட்டுத் தூங்குது! தீபாவளி வருது. பக்கத்துல சிவகாசியை வச்சுக்கிட்டு நம்ம ஊர்ல வெடிக்குக் கேக்கணுமா? தெருவுல இருக்கிற அத்தனை நாயும் கட்டிலுக்கு அடியில. இது மட்டும் வாசல்ல உக்காந்து மத்தாப்பை வேடிக்கை பார்க்குது! (பலத்த சிரிப்பு) எது குறைன்னு ரோட்டுல விட்டாங்களோ, அந்தக் குறையே இந்த வீட்டுக்குப் பொருத்தமாப் போச்சு. நல்ல குட்டி, கெட்ட குட்டின்னு கிடையாது. பொருந்துற வீடு, பொருந்தாத வீடு, அவ்வளவுதான்.

பேரப்பிள்ளைகளுக்கு ஆச்சி சட்டம் போட்டுட்டாங்க. தூங்கும்போது பின்னால போய்த் தொடக் கூடாது, திடுக்கிட்டுக் கடிச்சுடும். முன்னால போய் அது பார்க்கிற மாதிரி நிக்கணும். வான்னா கையை இப்படி, உட்காருன்னா இப்படி. துண்டை ஆட்டினா சோறு. கதவு எப்பவும் தாழ்ப்பாள். பேரு ‘வெள்ளச்சி’. ஒருத்தர் கேட்டாராம், “காது கேட்காத நாய்க்குப் பேரு எதுக்கு ஆச்சி?” ஆச்சி சொன்னாங்களாம்: “பேரு அதுக்கு இல்லப்பா, எங்களுக்கு. பேரு வச்சா விட்டுட்டுப் போக மனசு வராதுல்ல!” (நீண்ட கைதட்டல்)

நடுவர் அவர்களே, ஊசி விஷயத்துக்கு வர்றேன். நாய் மேல பயப்படுறவங்களை நாம கேலி பண்ணக் கூடாது. வெறிநாய்க்கடி நோய் அறிகுறி தெரிஞ்ச பிறகு உயிர் பிழைக்கிறது அநேகமா நடக்காத காரியம். பிள்ளை பெத்தவங்க பயம் நியாயமான பயம். 1885-ல லூயி பாஸ்டர் ஒரு சிறுவனுக்கு முதல்முதலா அந்தத் தடுப்பூசியைப் போட்டார். நம்ம குன்னூர்ல 1907-லேயே பாஸ்டர் நிறுவனம் வந்தாச்சு. மருந்து இருக்கு, போடத்தான் ஆள் வேணும். குட்டிக்கு ஆறு வாரம், எட்டு வாரத்துல மற்ற தடுப்பூசிகளை ஆரம்பிக்கணும். மூணு மாசத்துல வெறிநோய்த் தடுப்பூசி. அப்புறம் டாக்டர் சொல்ற கணக்குல தொடரணும். பூச்சி மருந்து கொடுக்கணும். யாரையாவது கடிச்சா, கீறினா, சோப்புப் போட்டு ஓடுற தண்ணியில 15 நிமிஷம் கழுவிட்டு உடனே ஆஸ்பத்திரிக்குப் போகணும். மிளகாய்த்தூள், சுண்ணாம்பு, மந்திரம் எல்லாம் வேண்டாம். பாசம் குட்டிக்கு முத்தம் கொடுக்கும். பொறுப்புதான் ஐயா தேதி பார்த்து ஊசி போடும்!

சட்டத்தையும் பார்க்கலாம். 1960-ஆம் வருஷத்து மிருகவதைத் தடுப்புச் சட்டப்படி, தகுந்த காரணம் இல்லாம வளர்ப்புப் பிராணியைக் கைவிடுறது குற்றம். அபராதம் எவ்வளவு தெரியுமா? முதல் முறைன்னா 10 ரூபாய்க்குக் குறையாம, 50 ரூபாய் வரைக்கும்! (சிரிப்பு) இன்னிக்கு அந்தக் காசுக்குக் குடும்பத்தோட டீ குடிக்க முடியாது. ஆக, சட்டத்தை நம்பி ஒரு உயிரை ஒப்படைக்க முடியுமா? மனசாட்சியை நம்பித்தான் ஒப்படைக்கணும்.

2025 ஆகஸ்ட் மாசம் நாடே இதைப் பேசிச்சு. டெல்லித் தெருநாய்களைப் பிடிச்சுக் காப்பகத்துல அடைக்கணும்னு ஆகஸ்ட் 11-ல உச்ச நீதிமன்றம் உத்தரவு போட்டது. பாதிப் பேர் கொண்டாடினாங்க, பாதிப் பேர் அழுதாங்க. ஆகஸ்ட் 22-ல மூணு நீதிபதிகள் அமர்வு அதை மாத்திச்சு. வெறிநோய் உள்ளதையும் மூர்க்கமானதையும் தவிர மற்றதைக் கருத்தடை செஞ்சு, ஊசி போட்டு, பிடிச்ச இடத்துலயே விடணும்னு சொன்னது. கூடவே ஒண்ணு சொன்னாங்க. தெருநாயைத் தத்தெடுக்க விரும்புறவங்க விண்ணப்பம் கொடுக்கலாம். ஆனா எடுத்த நாய் மறுபடி தெருவுக்கு வராமப் பார்த்துக்கிறது அவங்க பொறுப்பு! நடுவர் அவர்களே, உச்ச நீதிமன்றமே எங்க அணிக்கு ஒரு வார்த்தை எழுதிக் கொடுத்திருக்கு. அங்கே ‘பாசம்’னு ஒரு சொல்லை எதிரணி தேடிக் காட்டட்டும்! (சிரிப்பு, கைதட்டல்)

வீட்டுல இருக்கிற பிள்ளைகளுக்கு மாமா ஒண்ணு சொல்றேன். தெருவுல குட்டியைப் பார்த்தா உடனே தூக்கிட்டு ஓடாதீங்க. தாய் பக்கத்துல இரை தேடப் போயிருக்கும். எட்டு வாரம் வரைக்கும் குட்டி தாயோடயும் கூடப்பிறந்ததுங்களோடயும் இருக்கணும். விளையாட்டுல எவ்வளவு அழுத்திக் கடிக்கலாம்ங்கிறதை அங்கேதான் அது கத்துக்குது. தாய் இல்ல, ஆபத்துன்னா தூக்குங்க. பெரியவங்களைக் கூப்பிடுங்க. டாக்டர்கிட்டக் காட்டுங்க. அப்புறம் வீடு தேடுங்க. வர்றவங்ககிட்ட நாலே நாலு கேள்வி கேளுங்க. வீட்டுல எல்லாரும் சம்மதமா? பகல்ல யாரு இருப்பாங்க? ஊருக்குப் போனா யாரு பார்ப்பாங்க? ஊசிக்கும் ஆபரேஷனுக்கும் யாரு கூட்டிட்டுப் போவாங்க? இதுக்குப் பதில் சொல்ற வீடு ஓட்டு வீடா இருந்தாலும் கொடுங்க. பதில் சொல்லாத வீடு மாளிகையா இருந்தாலும் கொடுக்காதீங்க. கொடுத்த பிறகும் ஒரு மாசம் கழிச்சு ஒரு எட்டுப் போய்ப் பார்த்துட்டு வாங்க. பொண்ணைக் கட்டிக் கொடுத்தா மறுவீடு போறதில்லையா?

நிறைவாக ஒன்று. நமக்குப் பக்கத்துல இருக்கிற சங்கரன்கோவிலோட கதையே ஒரு பட்டிமன்றம்தான். சங்கன், பதுமன்னு ரெண்டு நாகங்கள். சிவன் பெரியவரா, திருமால் பெரியவரான்னு வாதம். கோமதி அம்மன் தவம் இருந்து, இறைவன் ஒரே உடம்புல பாதி சங்கரனாவும் பாதி நாராயணனாவும் காட்சி கொடுத்தார். அதைத்தான் ஆடித்தபசுன்னு வருஷா வருஷம் கொண்டாடுறோம். நடுவர் அவர்களும் இன்னிக்கு அப்படி ஒரு தீர்ப்பைச் சொல்லித் தப்பிச்சுக்கலாம்னு பார்ப்பார். (சிரிப்பு) சொல்லட்டும். ஆனா ஒண்ணு கவனிக்கணும். தரிசனம் ஒரு நொடியில கிடைச்சுது. அதுக்கு முன்னால அந்த அம்மா எத்தனை நாள் தவம் இருந்தாங்க? குட்டியைப் பார்த்ததும் மனசு உருகுது பாருங்க, அது அந்த ஒரு நொடி. 15 வருஷம் கஞ்சி ஊத்தி, ஊசி போட்டு, கிழடானதும் கைவிடாம வச்சிருக்கிறோமே, அதுதான் தவம்.

தவம் செய்யத் தயாரா இருக்கிற வீடே, தெருவில் கிடைத்த குட்டிக்கு ஏற்ற வீடு. அந்த வீடு பொறுப்பு நிறைந்த வீடே. 

(நீண்ட கைதட்டல்)